வெண்பாவின் ஹெட்போனுக்குள் இருக்கும் சங்கதி

விருத்தாசலம்,
ஆவணி 20, வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மாமா திருமால் அவர்களுக்கு, மச்சான் சாமிதுரை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் ஆதிலட்சுமியும் மகள் வெண்பாவும் சூளையும் சுகம். அவ்விடம் தங்கள் சுகத்தையும், என் அக்கா கனகாவின் முழங்கால் சுகத்தையும் கேட்டதாகச் சொல்லவும்.

செல்போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் அக்கா ஸ்பீக்கரில் போடுவாள். அவள் ஸ்பீக்கரில் போட்டால் கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலை வாசலில் நிற்கும் டிராக்டர்காரன் வரைக்கும் கேட்கும். விஷயம் ரகசியம். தபாலில் போட்டால் திங்கட்கிழமைதான் வரும் என்பதால் பெண்ணாடம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடவும். அக்காவிடம் காட்ட வேண்டாம். காட்டாமல் உங்களால் இருக்க முடியாது என்று தெரியும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

வெண்பா செய்யும் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். எந்தெந்த ஊரிலிருந்தோ ஹெட்போன் இவளுக்குக் கூரியரில் வருகிறது. நன்றாக இருக்கிற ஹெட்போனை இவள் பிரித்துப் போடுகிறாள். காதை மூடும் பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, நம்ம சூளையில், நான் சுட்டு விற்கும் கரண்டு ஃபியூஸ் கட்டைகளுக்கு நடுவில் வைத்துச் சுட்ட பீங்கான் கிண்ணத்தை மாட்டுகிறாள். உள்ளே ஏதோ ஒன்றை வைத்து ஒட்டுகிறாள். திருப்பி அனுப்பினால் அவனவன் பாட்டு கேட்டேன், அழுதேன் என்று எழுதுகிறான். அந்த ஏதோ ஒன்று என்ன என்று மட்டும் கேட்கக் கூடாது. ரூமுக்குப் பூட்டு. பெத்த அப்பன், சூளைக்குச் சொந்தக்காரன், எனக்கே சொல்லல மாமா. கேட்டா, "அப்பா, நீங்க டீக்கடைக்குப் போவீங்கல்ல?"ங்கிறா. போவேன்தான். அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?

போன ஞாயித்துக்கிழமை நீங்க கொண்டாந்த சம்பந்தம், சேத்தியாத்தோப்பு பையன் பிரவீன்குமார், அப்பா அம்மாவோட பொண்ணு பாக்க வந்தாங்க. அக்கா முழங்காலால நீங்க வர முடியாமப் போச்சு, அதான் எல்லாத்துக்கும் ஆரம்பம். பையனும் ஹெட்போன் பிரிக்கிறவன்னு நீங்க சொன்னப்ப நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! தனியா பேசட்டும்னு பத்து நிமிஷம் குடுத்தோம். ஒரு மணி நேரம் ஆவுது, ஆளைக் காணோம். ஆதிலட்சுமி ரெண்டாவது தடவ கேசரி கிண்டப் போயிட்டா. சரி, மனசு ஒத்துப்போச்சுன்னு நானும் பையனோட அப்பாவும் மண்டபம் வரைக்கும் பேசிட்டோம். அப்பதான் உள்ளேருந்து சத்தம் வந்தது.

அந்தப் பையன் தான் செய்யிற ஒவ்வொண்ணையும், எந்தத் திருகாணி, எந்தப் பசைன்னு படம் புடிச்சு நெட்டுல போட்டுடுவானாம். "நானும் யாரோ போட்டதப் பாத்துதாங்க கத்துக்கிட்டேன். அவங்க ஒளிச்சு வச்சிருந்தா நான் இன்னைக்கு இந்த வேலையே பண்ண முடியாது. நல்ல ஹெட்போன் வாங்க வக்கில்லாத ஒரு பையன் அதப் பாத்துட்டுத் தானே செஞ்சுக்குவான்"னு அவன் சொல்றான். இவ, "மொத கிண்ணத்தோட அளவ நானும் அப்படித்தான் போட்டேன். மறு மாசமே ஒருத்தன் தன் பேர்ல வித்தான். நான்தான் அவனப் பாத்து காப்பியடிச்சேன்னு என்னையே திட்டுனாங்க. மூணு வருஷம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்"ங்கிறா. மாமா, அவன் பேசும்போது அவன் சொல்றது நாயமா இருக்குது, இவ பேசும்போது இவ சொல்றது நாயமா இருக்குது. நான் ரெண்டு பேருக்கும் தலையாட்டுனேன். ரெண்டு பேரும் என்னை மொறச்சாங்க. பையனோட அம்மா கேசரித் தட்ட கீழ வச்சிட்டு, "கல்யாணமே இன்னும் ஆவல, அதுக்குள்ள புருஷன் பொண்டாட்டி சண்டையா?"ன்னாங்க.

கடைசியில வெண்பா ஒரு ஹெட்போன அவன் கையில குடுத்தா. "தெறக்காம, காதால கேட்டே உள்ள என்னா இருக்குதுன்னு ஒரு மாசத்துல சொல்லுங்க. அப்புறம் கல்யாணத்தப் பேசலாம்"னுட்டா. அந்தப் புள்ளயும் சிரிச்சிக்கிட்டே வாங்கிட்டுப் போவுது. ஆனா அவங்க அம்மா சிரிக்கல. போவும்போது படியில நின்னு, "கம்மாபுரத்துல ஒரு பொண்ணு சொல்லியிருக்காங்க, அதயும் பாத்துட்டு வரோம்"னாங்க. மூணு வருஷமா ஜாதகம் தூக்கிட்டு அலையிறேன், இவ பேசுறதுல ஒரு வார்த்தையாவது புரிஞ்சிக்கிற மாப்பிள்ளை இவன் ஒருத்தன்தான் மாமா.

இதுக்கு நடுவுல என் பனியன் வேற காணாமப் போவுது. உங்களுக்குத் தெரியும், மண்கலவைய அச்சுல ஊத்தறதுக்கு முன்னாடி நான் என் பழைய பனியன்லதான் வடிகட்டுவேன். சல்லடை வாங்கச் சொல்லி எல்லாரும் சொல்லிட்டாங்க, பனியன் மாதிரி வராது. வடிகட்டிட்டு கொடியில போட்டா, மண்ணு ஏறி வெறச்சிக்கிட்டு நிக்கும். அதை எவனோ எடுத்துட்டுப் போறான். திங்கக்கிழமை காலையில நாலாவது பனியனும் காணோம். பக்கத்து ஷெட்டுல பொம்மைக்கு வர்ணம் அடிக்கிற ஆராயிகிட்ட, "எடுத்தியா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டேன். அவ்வளவுதான். "யோவ் சாமிதுரை, ஒன் பனியன எடுத்து நான் என்னா கொடியா ஏத்தப் போறேன்? ஓட்டை இல்லாத எடம் எங்கய்யா இருக்குது அதுல?"ன்னு பீங்கான் தொழிற்பேட்டை பூரா கேக்குற மாதிரி புடிச்சிக்கிட்டா. எல்லா ஷெட்டுலேருந்தும் ஆளு வந்து நின்னாங்க. மானம் போச்சு.

அன்னைக்கு மத்தியானம் வெண்பா பசை வாங்க கடத்தெருவுக்குப் போனா. சாவிய மறந்துட்டா. ஒரு மாசத்துல அந்தப் பையன் கண்டுபுடிக்கலன்னா கம்மாபுரம் முந்திக்கும், நாமளே பாத்து அவனுக்குச் சொல்லிடலாம்னு உள்ள பூந்துட்டேன். மொதல்ல ஒண்ண எடுத்துக் காதுல மாட்டுனேன். என் கல்யாணத்துல ரேடியோ செட்டு போட்ட அதே பாட்டு. பாடுறவங்க மூச்சு இழுக்குறது கேட்டுச்சு மாமா. நாப்பது வருஷமா தெரிஞ்ச பாட்டு, அதுல ஒரு மூச்சு இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. என் பொண்ணு செஞ்சதான்னு அழுவையே வந்துடுச்சு. கண்ணத் தொடச்சிட்டு ஸ்குரூ டிரைவர எடுத்து எடது பக்கத்தத் தெறந்தேன்.

உள்ள என் பனியன். வட்டமா வெட்டி, மண்ணு காஞ்ச பனியன். சூளையில பொசுங்குன ஓட்டையோட!

சொல்லாம கொள்ளாம எடுத்ததுக்குக் கோவப்படுறதா, சந்தோஷப்படுறதான்னு தெரியல. ஆதாரம் வேணுமேன்னு அந்தத் துணிய எடுத்துக்கிட்டு, அதுக்குப் பதிலா புது பனியன்ல ஒரு துண்டு வெட்டி வச்சு மூடிட்டேன். புதன்கிழமை சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறிட்டேன். பையன் என்னைப் பாத்ததும் "வாங்க மாமா"ன்னான். அந்த ஒரு வார்த்தையில குளுந்துட்டேன். துணிப்பைய தெறந்து, "தம்பி, உள்ள இருக்குறது என்னான்னா..."ன்னு ஆரம்பிக்கிறேன், அவன் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, கண்ணையும் மூடிக்கிட்டு, "மாமா, சொல்லாதீங்க! மாமா, வேணாம்!"னு கத்துறான். "ஏம்ப்பா, எல்லாத்தையும் எல்லாருக்கும் சொல்லணும்னு நீதானே சண்ட போட்ட?"ன்னேன். "ஆமாம் மாமா, ஆனா அத அவங்கதான் சொல்லணும். நீங்க சொன்னா அது திருட்டு"ன்னு சொல்லிட்டு, டீ வாங்கிக் குடுத்து, பஸ் ஏத்தி விட்டுட்டான்.

திரும்ப வந்து துணிய பழைய எடத்துல வைக்கலாம்னு பாத்தா, அந்த ஹெட்போன காணோம். "பார்சல் காலையிலேயே போயிட்டுது"ன்னு ஆதிலட்சுமி சொல்றா. இப்ப எவனோ ஒருத்தன் காதுல என் புது பனியன் போய் உக்காந்திருக்கும். அவன் திட்டி எழுதப் போறான். மூணு வருஷமா அவ சேத்து வச்ச பேரு என் ஒருத்தனால போவப்போவுது. ரெண்டு நாளா அவ மொகத்தப் பாக்க முடியல மாமா.

ஆகையால், தாங்கள் அக்காவுடன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரவும். வந்து, போன திங்கட்கிழமை தான் ரூமைப் பெருக்கும்போது ஹெட்போன் தெரியாமல் திறந்துகொண்டது என்று அக்கா சொல்ல வேண்டும். அக்கா போன பொங்கலுக்குப் பிறகு எங்கள் வூட்டுக்கே வரவில்லை என்பது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அதை நீங்கள் பார்த்துச் சரிசெய்துகொள்ளவும். அக்காவின் காலில் விழுந்ததாகச் சொல்லவும். முழங்காலைத் தொடாமல் விழுந்ததாகச் சொல்லவும்.

தங்கள் சொல்லை என்றும் தட்டாத,
மச்சான் சாமிதுரை.

பின்குறிப்பு: கவரை ஒட்ட நாலு சோத்துப் பருக்கை எடுக்க அடுப்பங்கரைக்குப் போனேன். வந்து பாத்தா வெண்பா நின்னு இந்தக் கடுதாசியப் படிச்சிக்கிட்டு இருக்கா. முழுசா படிச்சிட்டா. அந்த ஹெட்போன அவ அனுப்பவேயில்லயாம், அன்னைக்குப் போன பார்சல் வேற. காதுல வச்சதுமே எடது பக்கம் புது பனியன்னு தெரிஞ்சு போச்சாம். நான் சேத்தியாத்தோப்பு போனதும் தெரியும், அந்தப் பையன் புதன்கிழமையே போன் பண்ணிச் சொல்லிட்டானாம். "சொல்றேன்னு வந்தப்ப காதப் பொத்திக்கிட்ட ஆளுக்கு நானே சொல்லலாம்னு தோணுச்சுப்பா"ன்னு எல்லாத்தையும் அவளே அவன்கிட்ட சொல்லிட்டா. நாப்பது வகைத் துணி பாத்தாளாம், உங்க பனியன் மாதிரி வரலப்பாங்கிறா.

அதோட முடிஞ்சிருந்தா நல்லது. இப்ப இவ, அப்பா வடிகட்டுறதயே படம் புடிச்சு நெட்டுல போட்டுடலாம், எல்லாரும் செஞ்சுக்கட்டும்ங்கிறா. அவன், "கூடவே கூடாது, இது நம்ம வூட்டு ரகசியம்"ங்கிறான். அரை மணி நேரமா போன்ல அதே சண்ட, ஆள்தான் மாறிட்டாங்க. அவன் "நம்ம வூடு"ன்னு சொன்னத இவ கவனிக்கல. நான் கவனிச்சேன்.

அதனால ஞாயித்துக்கிழமை அக்கா பொய் சொல்ல வர வேண்டாம், தேதி குறிக்க வரட்டும். வரும்போது பழம் கிழம் எல்லாம் வாங்காதீங்க மாமா. உங்களோட நல்ல பனியனா ரெண்டு எடுத்துட்டு வாங்க. மிச்சமிருந்ததையும் இப்பதான் எடுத்துட்டுப் போனா, போட்டுக்க எனக்கு ஒண்ணு கூட இல்ல.