உணர்ச்சித் தகுதிச் சான்றிதழ்

அறுபது வயதைக் கடந்த குடிமக்கள் நடந்துதான் ஆரோக்கியமாக இருக்க வேண்டுமா, அல்லது மற்றவர்கள் ஓடுவதை உட்கார்ந்து பார்த்தாலே போதுமா என்ற முக்கியமான கேள்விக்கு விடை காண, விளையாட்டு அறிவியல் துறை ஒரு குழுவை அமைத்தது. குழு இரண்டு வருஷம் உட்கார்ந்தது. நன்றாகவே உட்கார்ந்தது. தன் அணி கோல் போடும்போது பார்வையாளரின் இதயம் நிமிஷத்துக்கு நூற்று முப்பது தடவை துடிக்கிறது, வேகமாக நடப்பவருக்கும் அதே நூற்று முப்பதுதான், ஆகவே இரண்டும் ஒன்றே என்று கடைசியில் கண்டுபிடித்தது.

கண்டுபிடித்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஊர் மைதானத்தின் நடைபாதையில் பாதியை மறித்து நாற்காலி போட்டார்கள். மீதிப் பாதையின் கேட்டுக்குப் பூட்டு. அதில் நடக்க ஆசைப்படுகிறவர்கள், உட்கார்ந்த நிலையிலேயே தங்கள் இதயம் நூற்று முப்பதைத் தொடும் என்று நிரூபித்து, உணர்ச்சித் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். எல்லாம் மூத்த குடிமக்களின் பாதுகாப்பை முன்னிட்டுத்தான்.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவர் ரிட்டையர்டு கண்டக்டர். முப்பத்து நாலு வருஷம் ஓடும் பஸ்ஸில் நின்ற மனுஷன். அவருக்கு உட்காரவே தெரியாது. தினமும் காலையில் மைதானத்தை ஏழு சுற்று சுற்றினால்தான் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கும். "நடக்கிறத விட்டீங்கன்னா மாத்திரை போய் ஊசி வந்துடும்" என்று சர்க்கரை டாக்டர் வேறு சொல்லி வைத்திருந்தார். ஊசி என்றால் கண்டக்டருக்கு உதறல். சான்றிதழை வாங்காமல் விடுவதில்லை என்று கிளம்பினார். துணைக்கு அவர் மகளின் மாமனாரும் வந்தார்.

இந்தச் சம்பந்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். செருப்பு மாட்டக்கூடக் குனிய மாட்டார். ஆனால் மேட்ச் என்றால் உயிர். கையில் துடிப்பை எண்ணும் பட்டையைக் கட்டி உட்காரவைத்த மூன்றாவது நிமிஷமே ரெஃப்ரியின் பரம்பரையை ஒரு பிடி பிடித்தார். நூற்று நாற்பத்தெட்டு! 'மிகச் சிறந்த உடற்தகுதி' என்று அங்கேயே சான்றிதழ் எழுதிவிட்டார்கள். அதை வாங்குவதற்காக நாற்காலியிலிருந்து எழுந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

கண்டக்டருக்கு அறுபத்தெட்டு. கோல் விழுந்தபோதும் அதே அறுபத்தெட்டு. "உள்ள தள்ளி நில்லுங்க" என்று லட்சம் பேரிடம் சொல்லி, ஒருத்தரிடமும் கோபப்படாத மனுஷனை ஒரு பந்து என்ன செய்துவிடும், பாவம்!

ஆய்வு அதிகாரி முகத்தைச் சுளித்தார். "கோல் போட்டப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"எந்திரிச்சு நின்னேன் சார். முன்னாடி இருந்தவர் மறைச்சாரு."

"எந்திரிச்சீங்களா? எந்திரிச்சா அது உடற்பயிற்சி ஆயிடும். ஆய்வே கெட்டுடும்."

"சார், நான் நல்லாத்தான் நடக்கிறேன். வேணும்னா நடந்து காட்டட்டுமா?"

"நடக்கத் தெரியும்ங்கிறது நடக்கிறதுக்கு ஒரு தகுதியா? உங்ககிட்ட உணர்ச்சி இல்ல. மேல்முறையீடு பண்ணிக்கங்க. முடிவு தெரியிற வரைக்கும் கைப்பட்டையைக் கழட்டக் கூடாது."

மேல்முறையீட்டு மனு துறை ஆபீஸின் தரைத்தளத்தில் கிடைக்கும். கையெழுத்து நாலாவது மாடியில். சீல் மறுபடி தரைத்தளத்தில். சீல் வைத்ததைச் சரிபார்ப்பவர் மூன்றாவது மாடியில். லிஃப்ட் கதவில் 'பழுது' என்று எழுதிய அட்டை தொங்கியது. அந்த அட்டையே பழசாகி மஞ்சளாகியிருந்தது.

கண்டக்டர் ஏறினார், இறங்கினார். நாலாவது மாடியில் இருந்த கிளார்க்கம்மா தலையைத் தூக்காமலே "அவர் லீவு, நாளைக்கு வாங்க" என்றார். மறுநாள் "நேத்தே வந்திருக்கலாமே" என்றார். மூன்று வாரம் இப்படியே போயிற்று.

"என்னங்க, பேண்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குதே?" என்று மனைவி கவலைப்பட்டார். சர்க்கரை டாக்டரோ ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒரு மாத்திரையைக் குறைத்தார்.

நாலாவது வாரம் அதிகாரியே கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் கைப்பட்டையின் கணக்கு முழ நீளத்துக்குக் கிடந்தது.

"பத்து நாற்பதுக்கு நூற்று முப்பத்தஞ்சு. பன்னிரண்டு மணிக்கு நூற்று ஐம்பத்திரண்டு! அப்படி என்ன மேட்ச்ங்க பார்த்தீங்க?"

"மேட்ச் இல்ல சார், உங்க மாடிப்படி. அந்த நூற்று ஐம்பத்திரண்டு, இந்தக் கிளார்க்கம்மா 'நாளைக்கு வாங்க'ன்னு சொன்னப்ப."

"கோலைவிட ஜாஸ்தி!" அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷமா நாங்க மக்களுக்கு என்ன நல்லது செய்யிறோம்னு எங்களுக்கே தெரியாம இருந்திருக்கோம்!"

"அப்ப என் சான்றிதழ் சார்?"

"தகுதி வந்துடுச்சு. ஆனா குடுத்துட்டா நீங்க இங்க வர்றதை நிறுத்திடுவீங்களே? உங்க உடம்பு என்னத்துக்கு ஆகும்? எங்களுக்கும் மனசாட்சின்னு ஒண்ணு இருக்குங்க."

கண்டக்டருக்கு வந்ததே கோபம்! பட்டை நூற்று அறுபதைக் காட்டியது. அறையே கைதட்டியது.

மறுவாரம் சுற்றறிக்கை வந்தது. மூத்த குடிமக்கள் எந்த வேலையாக வந்தாலும் குறைந்தது பதினொரு முறை அலையவிடப்பட வேண்டும். மைதானத்து நாற்காலிகள் மாடிப்படி ஓரத்துக்கு வந்தன. முதல் வரிசையில் சம்பந்தி.

"ஏறுங்க சம்பந்தி, இன்னும் ஒரே மாடிதான்! ஐயையோ, சீல் வாங்காம வந்துட்டாரே!" என்று அவர் அலறினார். அவருக்கும் நூற்று ஐம்பத்தஞ்சு.

இப்போது மைதானம் இரண்டு பாதையிலும் காலி. ஊரில் வாக்கிங் போனவர்கள் அத்தனை பேரும் காலை பத்து மணிக்கு ஷூ மாட்டிக்கொண்டு ஆபீஸுக்கு வந்துவிடுகிறார்கள். கண்டக்டருக்குத் தினம் ஏழு சுற்று, தரைத்தளத்திலிருந்து நாலாவது மாடி வரை. முழங்கால் முணுமுணுப்பதில்லை. மனு என்ன ஆயிற்று என்று கேட்பதை அவரும் மறந்துபோனார்.

ஒரு திங்கட்கிழமை யாரோ ஒரு அவசரக்காரர் லிஃப்டைச் சரிபண்ணிவிட்டார். பெரியவர்கள் பதறிப்போனார்கள். விட்டால் ஊசி வந்துவிடுமே! அங்கேயே ஒரு தாளில், 'லிஃப்டைத் தயவுசெய்து நிறுத்தி எங்களை வழக்கம்போல் அலையவிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதி, எழுபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து கண்டக்டருடையது.

அவர் மனுவை எடுத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் படியேறக் காலைத் தூக்கினார். அதற்குள் அதிகாரியே நாலு மாடி இறங்கி ஓடி வந்தார். நின்றபடியே கையெழுத்துப் போட்டார், சீலும் வைத்தார். அந்த ஆபீஸின் வரலாற்றில் கொடுத்த அன்றே நிறைவேறிய மனு அது ஒன்றுதான்.