ஒரு காலியால் ஓடிய தெரு

சத்தமாகப் பேசுகிறவர்களுக்கு இரண்டு மொழி தெரிந்திருக்கவே கூடாது. நான் சாதாரணமாகப் பேசினாலே மூன்று தெருவுக்குக் கேட்கும். போதாததற்குச் சத்தியவேடு பக்கத்துப் பெண். ஒரே வாக்கியத்தில் தமிழும் தெலுங்கும் வந்து விழும்.

பிச்சாட்டூர் பக்கம் ஒரு கிராமத்தில் பழைய தண்ணீர் டேங்கு. இடிப்பதா, வைத்துக்கொள்வதா என்று பார்த்துச் சொல்ல என்னை அனுப்பினார்கள். நானே பொறுப்பேற்ற முதல் வேலை, மேற்பார்வைக்கு எங்கள் அதிகாரி கூட வந்தார். இடித்தால் புது டேங்கு வரும்வரை ஊருக்கே லாரித் தண்ணீர்தான். கருவி என்னவென்றால், ட்ரோனின் மூக்கில் ஒரு ரேடார். அது சுவரை ஒட்டிப் பறந்து, கான்கிரீட்டுக்குள் இருப்பதை என் கையிலுள்ள திரையில் காட்டும்.

காட்டியது! நான் பிறப்பதற்கு முன்னால் யாரோ கட்டிய கம்பிகள், ஒவ்வொன்றும் ஒரு வளைகோடாக, பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக. கட்டிய நாளிலிருந்து எந்தக் கண்ணும் பார்க்காததை நான் பார்க்கிறேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. (வாய் திறந்தே இருந்தது, ஈ போயிருந்தாலும் தெரிந்திருக்காது.) கையளவு ஓரிடத்தில் மட்டும் சிமெண்ட் இறங்கவில்லை. இதை எங்கள் தெலுங்கு அதிகாரி 'காலி' என்பார். வெறும் இடம், அவ்வளவுதான், அடைத்துவிடலாம்.

கண்டுபிடித்த பூரிப்பில், பக்கத்தில் நின்ற அவரிடம் கத்தினேன்: "சார்! டேங்கு... காலி சார், காலி!"

டேங்கை ஒட்டிய வீட்டில் காதுகுத்து விருந்து. எல்லாரும் தமிழ்க்காரர்கள். தமிழில் ஒன்று காலி என்றால், கதை முடிந்தது என்றும் அர்த்தம்.

நான் மறுபடி திரைக்குள் மூழ்கிவிட்டேன். நிமிர்ந்தபோது தெருவே ஓடிக்கொண்டிருந்தது. சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் ஓட, காது குத்த வேண்டிய குழந்தை மாமன் தோளில் சந்தோஷமாகக் கை தட்டியது. என்னவென்று கேட்காமலே, திரையை அதிகாரியின் கையில் திணித்துவிட்டு நானும் ஓடினேன்.

"இன்னாக்கா ஆச்சு?" என்று பக்கத்தில் ஓடியவரைக் கேட்டேன்.

"டேங்கு வுழப் போவுதாம்! ஓடு!"

"யாரு சொன்னதுக்கா?"

"ட்ரோன் உட்டுக்கினு இருந்துச்சே ஒரு பொண்ணு, அதுதான் உள்ள பாத்துட்டுச் சொல்லிச்சாம். படிச்ச பொண்ணு, பொய்யா சொல்லும்?"

இதைக் கேட்ட பிறகும் கொஞ்ச தூரம் ஓடினேன். அப்புறம்தான் அந்தப் பெண் நான் என்று உறைத்தது.

திரும்பிப் பார்த்தால், டேங்கடியில் அதிகாரி தனியாக நிற்கிறார். "ஏமம்மா, டேங்கு பாகுந்தி கதா!" நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு ஓட்டம் என்கிறார். சார்ஜ் குறைந்ததும் ட்ரோன் நிதானமாக, கிளம்பிய இடத்துக்கே தானாக வந்து இறங்கியது. அன்று அந்தத் தெருவில் அவரையும் அதையும் தவிர யாருக்கும் புத்தி நிலையில் இல்லை.

விழாது, விழாது என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை போனது. "அப்ப நீ ஏம்மா ஓடினே?" என்று கேட்டார்கள். கடைசியில் டேங்குக்கு நேர் கீழே இலை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். நான் பாயசம்வரை தின்று முடித்து, உயிரோடு எழுந்த பிறகுதான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். டேங்கு இன்றும் நிற்கிறது.

நைனாவுக்கு இது போதாதா? "எம் பொண்ணுக்குச் செவுத்துக்கு உள்ள கீறதெல்லாம் தெரியும். வெளிய இன்னா நடக்குதுன்னுதான் யாராச்சும் சொல்லணும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னார். அதற்கு விழுந்து விழுந்து சிரித்தவரைத்தான் கட்டிக்கொண்டேன். இப்போது அதைச் சொல்ல வீட்டில் இரண்டு பேர்.