பேட்டரிக்கு வயது பதினெட்டு

கோவாவில் சிஞ்சிணி என்ற ஊரில் இனாசியு வைத்திருந்த மடிக்கணினிக்கு வயது ஒன்பது. அதன் பேட்டரிக்கு மட்டும் என்றும் பதினெட்டு என்பது அவர் கட்சி.

குவைத்தில் இருபது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்த மனிதர். எண்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது, நாற்பதுக்குக் கீழே இறக்கக்கூடாது, ஏற்றிக்கொண்டே ஓட்டக்கூடாது. போப்பாண்டவரே கேட்டாலும் சட்டம் மாறாது.

கப்பலில் சமையல்காரனாக இருந்த மகன் எல்வின், துறைமுகம் தொட்டால்தான் அழைப்பான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அந்த ஞாயிறு அவர் மனைவி எஸ்பெரான்சா திரையோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, ஒரு பொண்ணு இருக்கா. அவ பேரு...”

நாற்பது. இனாசியு படக்கென்று மூடிவிட்டார்.

“பேரைக் கேட்டுட்டு மூடக்கூடாதா?” என்றாள் மனைவி.

“இன்னிக்குப் பேருன்னு விட்டா நாளைக்கு ஊருன்னு கேப்பே. முப்பத்தொம்பதாயிடும்.”

அவள் சண்டை போடவில்லை. மறுநாள் சோறு போடும்போது கேட்டாள். “ஏன் இனாசியு, ஒயர்லயே ஓட்டணும்னா என்ன பண்ணணும்?”

கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவள் கேட்ட முதல் நல்ல கேள்வி. இனாசியு பூரித்துப்போனார். “பேட்டரியைக் கழட்டிடணும். பாதி சார்ஜோட, ஈரம் படாம சுத்தி, குளிர்ச்சியா வைக்கணும். தூங்குற பேட்டரிக்கு வயசே ஆகாது.”

“வேற?” இன்னொரு மீன் துண்டு விழுந்தது.

“மூணு மாசத்துக்கு ஒருதடவை அடிவரைக்கும் இறக்கி ஏத்தணும்.”

அடுத்த முறை எல்வின் அழைத்த அன்று இனாசியு சர்ச்சில் பூசை முடிந்து வந்தார். பேச்சு தொடங்கி ஒரு மணி நேரமாகியிருந்தது. கணினியைத் தூக்கிப் பார்த்தார். வயிறு காலி.

“பேட்டரி எங்கே?”

“ஃப்ரிட்ஜுல, மீனுக்குப் பக்கத்துல தூங்குது. எழுப்பிடாதே.”

இனாசியு அசரவில்லை. நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப்போட்டுக்கொண்டு மழையைப் பார்த்தார். “கரண்டு போகும். போனா எங்கிட்டத்தான் வரணும்.”

போயிற்று. திரை கறுத்தது. இனாசியு எழுந்து, துணியில் சுற்றியிருந்த பேட்டரியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்தி வந்தார். “நாற்பத்தொண்ணு இருக்கும். ஒரு சதவீதம் பேசலாம். அதுவும் குளிர் விட்ட பிறகு.”

எஸ்பெரான்சா அதைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பத்து நிமிஷத்தில் குளிர் விட்டது. எடுத்து மாட்டினாள். இணையத்துக்குக் கரண்டு வேண்டாத டாங்கிள் செருகியிருந்தது. எல்வின் மறுபடி திரைக்கு வந்தான்.

“நாற்பது வந்தாச்சு. மூடு,” என்றார் இனாசியு.

“அடிவரைக்கும் இறக்கணும்னியே. அது இன்னிக்குத்தான்.”

முப்பது, இருபது, ஒன்பது. பெண் பெயர் லுர்தீனா என்று தெரிந்தது. ஊர் குர்டோரிம். ஜனவரியில் கல்யாணம் என்றும் முடிவாயிற்று. முதுகைக் காட்டிக்கொண்டு வீறாப்பாக நின்ற இனாசியுவை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அப்பாவுக்கு என்ன வேலை குடுக்கிறது?” என்றான் எல்வின்.

“கல்யாணப் பந்தலுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்கட்டும்,” என்றாள் எஸ்பெரான்சா. “ஆனா பேட்டரி இல்லாததா நீயே பார்த்துச் சொல்லுடா.”