'டு'வுக்கு அப்புறம் ஒரு பேரு

மதிப்பிற்குரிய மச்சான், சிவகிரி ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் சுடலைமணி அவர்களுக்கு,

இலஞ்சியிலிருந்து தங்கள் தங்கையின் வீட்டுக்காரன் சுந்தரபாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கையும் நலம். என் மூக்கு மட்டும் நலமில்லை, காரணம் பின்னால் வருகிறது. அங்கு தாங்களும் அக்காவும் நலமாயிருக்க எங்கள் தெரு அம்மன் துணை.

நிற்க. போனில் அரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்தி, தாங்கள் எனக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லைக் கற்றுக் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி சொல்லவே இக்கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் அழுதுவிடுவேன். அழுதால் தங்கள் தங்கை வந்து என்னவென்று கேட்பாள்.

போன பிசானப் பருவத்து நெல் மகசூலுக்கு எனக்கு முதல் பரிசு என்று தென்காசியில் விவசாயிகள் சங்கத்தில் அறிவித்தார்கள் அல்லவா, அந்தச் சந்தோஷம் ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. சிறப்பு விருந்தினர் வடக்கேயிருந்து வருகிறார், அவருக்குத் தமிழ் தெரியாது, பரிசு வாங்குகிறவர்கள் ஒரு வரியாவது இங்கிலீஷில் பேசியாகணும் என்று செயலாளர் தலையில் குண்டைப் போட்டார். தங்களைக் கூப்பிட்டேன். "அட்ரிப்யூட்னு ஒரு வினைச்சொல் இருக்கு மாப்ளே, இன்னதுக்கு இன்னாருதான் காரணம்னு அர்த்தம். மொதல்ல நடந்ததச் சொல்லும். பொறவு 'டு' போடும். பொறவு அது யாரால நடந்துச்சோ, எதால நடந்துச்சோ அதச் சொல்லும், அம்புட்டுதான். தெனம் பத்து வாக்கியம் சொல்லிப் பழகும்" என்றீர்கள்.

பழகினேன் மச்சான். குற்றாலத்துல சாரல் நல்லா இருக்குன்னு போய்க் குளிச்சிட்டு வந்து, "ஐ அட்ரிப்யூட் மை ஜலதோஷம் டு மெயின் ஃபால்ஸ்"னு சொன்னேன். சரியா இருக்குன்னு நீங்களே சொன்னீங்க. அந்தத் தெம்புல பஸ்ல ஏறி கண்டக்டர்ட்ட, "ஐ அட்ரிப்யூட் மை இடுப்பு வலி டு யுவர் டிரைவர்"ன்னேன், பாதி வழியில எறக்கி விட்டுட்டான். பக்கத்து வீட்டு நூருன்னிசாம்மாகிட்ட, "ஐ அட்ரிப்யூட் மை கத்தரிச்செடி நாசம் டு யுவர் ஆடு"ன்னேன். அந்தம்மா உள்ள போயி பேத்திட்ட அர்த்தம் கேட்டுட்டு வந்து, "ஐ அட்ரிப்யூட் மை ஆட்டோட வயித்தால போறது டு யுவர் கத்தரிக்கா"ன்னு திருப்பிப் போட்டுச்சு. அதுவும் சரியான வாக்கியந்தான், என்ன செய்ய? கடைசியா ஒங்க தங்கச்சிகிட்டயே, "ஐ அட்ரிப்யூட் மை சுகர் டு யுவர் கேசரி"ன்னு வாயக் கொடுத்தேன். அன்னையிலேருந்து கேசரியும் இல்ல, காப்பிக்குச் சீனியும் இல்ல. சுகர் கொறஞ்சிட்டு. அதையும் அவளுக்குத்தான் அட்ரிப்யூட் பண்ணணும்.

இப்படிப் பழகப் பழகத்தான் மச்சான் ஒரு வில்லங்கம் பிடிபட்டுச்சு. எது நல்லபடியா நடந்திருந்தாலும் 'டு'வுக்குப் பின்னால அவதான் வந்து நிக்கா. ரெண்டு வருசத்துக்கு முந்தி, பரிசு கெடச்ச அந்த வயல பிளாட் போடுதவங்களுக்குக் கொடுத்துரலாம்னு நான் துள்ளுன அன்னைக்குப் பத்திரத்தக் காணோம். வீட்டையே தலகீழாக் கவுத்தேன். பிளாட்டுக்காரன் வேற எடம் பாத்துப் போன பொறவு, வெதநெல்லுப் பானைக்குள்ளேருந்து எடுத்து, "இதையா தேடுனீய?"ன்னு நீட்டுதா! நாத்துப் பாவுனது அவ, களையெடுக்க ஆள் கூட்டுனது அவ, மழையில போயி மடை தெறந்தது அவ. நான் வரப்புல நின்னு கொடை பிடிச்சேன், அதுவும் எனக்குத்தான். பட்டாவுல எம்பேரு இருக்கு, அதனால பரிசு எனக்கு.

அதனால மேடையில அவ பேரத்தான் சொல்லணும்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா மச்சான், கல்யாணமாகி முப்பத்தோரு வருசத்துல நான் அவ பேரச் சொன்னதே இல்ல. 'ஏட்டி', 'இந்தா', 'ஒன்னத்தான்', இதுலயே காலம் போயிட்டு. எங்கப்பா எங்கம்மா பேரச் சொல்லியும் நான் கேட்டதில்ல. ரேஷன் கடையில கேட்டாக்கூட கார்டத்தான் நீட்டுவேன். மேடையில, "ஐ அட்ரிப்யூட் மை மகசூல் டு..." வரைக்கும் வந்துட்டேன். பேரு தொண்டை வரைக்கும் வந்து அங்கனயே உக்காந்துட்டு. வேற வழியில்லாம அவ இருந்த மூணாவது வரிசையக் கையக் காட்டுனேன்.

ரெண்டாவது வரிசையில அவளுக்கு நேர் முன்னால இருந்தது உரக்கடை நாகராஜன் அண்ணாச்சி. மனுசன் எந்திரிச்சுக் கும்பிட்டுட்டாரு! கைதட்டல்னா கைதட்டல். விருந்தினர் அவர மேடைக்கே கூப்பிட்டுப் பொன்னாடை போட்டாரு. மறுவாரம் கடை வாசல்ல ஆளுயர ஃபிளெக்ஸு. கோப்பையோட நான், பக்கத்துல அண்ணாச்சி, மேல 'இந்த மகசூலுக்குக் காரணம் யார்?'னு ஒரு கேள்வி, கீழ கடை போன் நம்பரு.

பஸ்ல போகையில ஒங்க தங்கச்சி அதப் பாத்தா. "போட்டோ நல்லா விழுந்திருக்கு"ன்னு சொல்லிட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டா. ரெண்டு ஏச்சு ஏசியிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன். இத ஊரறியச் சொல்லாமச் செத்தா என் கட்ட வேகாது மச்சான்.

எங்க தெரு அம்மன் கோயில்ல ஆடிக் கொடைத் திருவிழா, பந்தி நடந்துக்கிட்டு இருக்கு. பாட்டு சட்டுனு நின்னுச்சு. அம்மனே வழி விட்டுட்டான்னு போயி மைக்கப் பிடிச்சேன். அவ ரச வாளியோட எம்பக்கத்துலதான் நின்னா. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, "ஐ அட்ரிப்யூட் மை வயல், மை மகசூல், மை உசுரு டு பேச்சித்தாய்!"னு சொல்லிட்டேன்.

கண்ணத் தெறந்து பாத்தா, எரநூறு பேரு பந்தியில சோத்துல வச்ச கை அப்படியே நின்னுட்டு! அம்புட்டுக் கண்ணும் எம்பக்கந்தான். நாகராஜன் அண்ணாச்சி வெக்கப்பட்டுத் தலையக் குனிஞ்சிட்டாரு. அவ மட்டும், "தள்ளி நில்லுங்க, ரசம் ஆறுது"ன்னா. ஆனா அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல கேசரி வந்துச்சு மச்சான், முந்திரிப்பருப்பு போட்டு!

இதற்கெல்லாம் மூலகாரணம் தாங்கள். வாத்தியார் வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றீர்கள், புண்ணியம் சேர்ப்பதிலிருந்து இல்லை. தங்கள் வாய்க்கு என்றும் சர்க்கரை போடணும். அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும்.

இப்படிக்கு,
ஊரறிய உண்மை சொன்ன தங்கள் மாப்பிள்ளை,
சுந்தரபாண்டி

பி.கு.: அண்ணே, பேச்சித்தாய் எழுதுதேன். கவர ஒட்டித் தபால்ல போடச் சொல்லி இவுக என் கையில தந்தாவ, படிச்சிட்டேன். அன்னைக்குப் பாட்டு நின்னதே கரண்டு போனதுனாலதான். மைக்கு ஓடல. கோயில் கொட்டுச் சத்தத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் கேக்கல. எல்லாரும் இவுக பக்கம் பாத்தது, இவுக முதுகுக்குப் பின்னால பாயாச வாளி வந்ததுனால. நாகராஜன் அண்ணாச்சி குனிஞ்சது, எலையில விழுந்த கண்ணாடிய எடுக்க. பக்கத்துல நின்ன எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு. எனக்கு அது போதும்ணே. ஊரே கேட்டுட்டுன்னு நெஞ்ச நிமுத்திக்கிட்டு நடக்காவ, நீங்க ஒண்ணுஞ் சொல்லிராதீங்க. இப்பம் வீட்டுலயும் பேரச் சொல்லித்தான் கூப்பிடுதாவ. நான் மொதத் தடவ காதுல விழாத மாதிரியே இருந்துக்கிடுதேன்.