முன்வரிசையில் வார்டன்

மேடையேற ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் மேனேஜர் வந்து சொன்னார்: "முன்வரிசையில உங்க ஹாஸ்டல் வார்டன் உட்கார்ந்திருக்காங்க."

நகைச்சுவைக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆறு வயதில் ஆதரவற்றோர் விடுதியில் விடப்பட்டவள் அவள். முதல் வருடம் முழுக்க வாயே திறக்கவில்லை. ஒருநாள் பக்கத்துக் கட்டில் பெண் காய்ச்சலில் அழுதுகொண்டிருந்தாள். இவள் இடுப்பில் கைவைத்து, வார்டனின் கரகரத்த குரலில், "யாரைக் கேட்டுடீ உனக்குக் காய்ச்சல் வந்துச்சு?" என்றாள். அழுதவள் சிரித்தாள், நாற்பது கட்டிலும் சிரித்தது. அந்தக் குரல்தான் அவளைப் பள்ளி விழா, தொலைக்காட்சி என்று ஏற்றிவிட்டு, இன்று ஆயிரம் பேர் நிறைந்த அரங்கில் நிறுத்தியிருந்தது.

"இன்னைக்கு வார்டன் வேஷம் வேண்டாம்," என்றாள்.

"போஸ்டர் பூரா அந்தம்மாதானேங்க," என்றார் மேனேஜர்.

மேடையில் கரகரப்பை விட்டுவிட்டு மூக்கால் பேசிப் பார்த்தாள். இரண்டாம் வரிசையில் அரங்க உரிமையாளரின் முகம் சுண்டிப்போனது. அவர் பேசுவதே மூக்கால்தான். பதறிப்போய்க் குரலில் தேனைக் குழைத்து, "கண்ணுங்களா, சாப்பிட்டீங்களா?" என்றாள். சபை கொட்டாவி விட்டது. வார்டன் முகம் தெரியாவிட்டால் தைரியம் வரும் என்று தன் கண்ணாடியைக் கழற்றினாள். மைக் ஒயர் தடுக்கி, திரைச்சீலையோடு சேர்ந்து உருண்டாள். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

"வார்டனைக் கூப்பிடுங்க," என்றது பின்வரிசை. கொஞ்ச நேரத்தில் அரங்கமே அதைத்தான் கேட்டது.

வருவது வரட்டும் என்று எழுந்தாள். இடுப்பில் கை போனது. "சிரிக்கிறவங்கல்லாம் வரிசையில நின்னு சிரிங்கடீ."

அரங்கம் அதிர்ந்தது. முன்வரிசையில் அந்த அம்மா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் போலிருக்கிறதே என்று பயந்துகொண்டே இவள் அடுத்த அதட்டலுக்குப் போனாள்.

நிகழ்ச்சி முடிந்து வார்டன் ஒப்பனை அறைக்குள் வந்ததும், அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிடுங்கம்மா. உங்களை வச்சுத்தான் இத்தனை நாள் பொழைச்சேன்."

"என்னையா?" அந்தக் குரலில் கரகரப்பே இல்லை, பூனைக்குட்டி மாதிரி மெலிந்திருந்தது. சிரித்துச் சிரித்து அவர் கண்ணெல்லாம் ஈரம். "அது நான் இல்லடி கண்ணு. நாப்பது பிள்ளைங்களை அதட்ட எனக்கு ஏது தைரியம்? அத்தனை வருஷமும் என் மாமியார் மாதிரிதான் நடிச்சுக்கிட்டிருந்தேன்."