தராசு அண்ணையும் தட்டுக்கு அடியில் ஒரு சந்தனப் பொட்டும்

இதை எழுதுவதா விடுவதா என்று ஆறு வருடமாக யோசித்தேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தும் விட்டேன். ஒரு காரணம், கதையில் வெடிமருந்து வருகிறது. போரில் இருந்து ஓடிவந்த எங்கள் சனத்தின் கதையில் அந்தச் சொல் வந்துவிட்டால் வாசிக்கிறவர் மிச்சத்தை வாசிக்க மாட்டார், தானாகவே ஒரு கதை கட்டிக்கொள்வார். மற்றக் காரணம், இதில் பிழை விட்டவன் நான். அதைப் பிறகு சொல்கிறேன். பிள்ளையாரப்பன் துணை.

ஜெர்மனியில் இருக்கும் தமிழரில், ஏன், உலகத்தில் இருக்கும் தமிழரிலேயே, நிறுத்துப் பாராமல் ஒன்றையும் நம்பாத ஒரே மனிதர் எங்கள் தராசு அண்ணைதான். பீலெஃபெல்டில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் அவர் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. அவருடைய சொந்தப் பெயர் கீழே அழைப்பு மணியில் எழுதியிருக்கிறது. அதைத் தபால்காரர் மட்டும்தான் வாசிக்கிறார்.

ஒருநாள் கோயில் அன்னதானத்தில் என் பக்கத்தில் இருந்தார். வாழையிலையில் வடை விழுந்ததுதான் தாமதம், கோட்டுப் பைக்குள் இருந்து உள்ளங்கை அளவில் ஒரு தராசை எடுத்தார்.

“அண்ணை, கோயிலுக்குள்ள என்ன வேலை இது?”

“பொறும் காணும்.” என் வடையையும் எடுத்து நிறுத்தார். “என்ர வடை அறுபத்திரண்டு கிராம். உம்மட வடை நாற்பத்தொன்பது. நீர் விழுந்து விழுந்து கும்பிடுறீர், நான் சும்மா நிக்கிறன். எனக்குத்தான் பெரிய வடை. யோசியும்.”

நான் யோசிக்கவில்லை. வடையைச் சாப்பிட்டேன்.

இந்த மனிதர் எங்கள் ஊர்ப்பக்கத்துத் துப்பாக்கி சுடும் சங்கத்தில் இருந்த ஒரே தமிழர். வேலைத்தலத்து ஜெர்மன்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். சனம் சும்மா இருக்குமா? “துவக்குக்குப் பயந்து ஓடிவந்த ஆள், இஞ்ச வந்து துவக்கோட குடித்தனம் நடத்துறார்” என்று பேசினார்கள். புதுவருட இரவில் தெருவில் பட்டாசு வெடித்தால் காதுக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய் இருப்பவரும் இதே ஆள்தான். ஒருநாள் நான் நேராகவே கேட்டேன்.

“அங்க துவக்கு எந்தப் பக்கம் திரும்பும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது,” என்றார். “இஞ்ச அது குறி அட்டைப் பக்கம் மட்டும்தான் திரும்பும். முடிஞ்ச உடன பெட்டிக்குள்ள போயிடும். அதைப் பாக்கத்தான் நான் போறன்.”

அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

சுடுவதோடு நின்றிருந்தால் கதை இல்லை. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளை எறியாமல் வீட்டுக்குக் கொண்டுவருவார். துடைத்து, புது வெடிமருந்து நிறுத்துப் போட்டு, குண்டு பொருத்தி, மறுபடியும் தோட்டாவாக்குவார். கடையில் வாங்கினால் என்ன என்று கேட்டால், “கடைப் பிட்டும் பிட்டுத்தான். ஆனா வீட்டில மா குழைச்ச கை மாதிரி வருமோ?” என்பார். இதற்கு அரசாங்க அனுமதி வேண்டும். அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போட்டு, வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி எடுத்தார். வெடிமருந்துச் சட்டம் முழுவதும் அவருக்கு ஜெர்மன் மொழியில் மனப்பாடம். அக்காவின், அதாவது அவருடைய மனைவியின், பிறந்தநாளைத்தான் மகள் தொலைபேசியில் நினைவுபடுத்த வேண்டும்.

வேலை நடப்பது கெல்லர் என்கிற நிலவறையில். வாசலில் வெண்கட்டியால் ஒரு கோடு. கோட்டுக்கு அங்கால் அவர், இங்கால் கதிரை போட்டு நான். கைத்தொலைபேசியை மாடியிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். இருமல் வந்தால் படியேறிப் போய் இருமிவிட்டு வர வேண்டும்.

“மூச்சை மெல்ல விடும் காணும். உம்மட மூச்சுக்குத் தராசு ஆடுது.”

“மூச்சு விடாமல் இருக்க ஏலாது அண்ணை.”

“மற்றப் பக்கம் திரும்பி விடும்.”

அங்கே கணக்குக் கிராமில் இல்லை. கிரெயின் என்று அதிலும் சின்னதொரு அளவு. ஒரு கிராமுக்குள் பதினைந்துக்கு மேல் அடங்கும். அண்ணை அதை ‘மணி’ என்பார். அந்த மணியிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்ப்பார். மருந்து கூடிப்போனால் துவக்கு முகத்துக்கு முன்னாலேயே வெடிக்கும் என்பதால் அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அவரிடம் இருந்தது ஒரு பழைய கைத்தராசு. ஒரு பக்கம் தட்டு, மற்றப் பக்கம் கோடு போட்ட நீட்டுக் கை, நுனியில் ஒரு முள். முள் ஆடி ஆடி நடுக்கோட்டில் வந்து நிற்கும்வரை சாமி கும்பிடுவது போல நிற்பார். அது சங்கத்தில் இருந்த வில்லி என்ற கிழவர் கொடுத்தது. வில்லிக்குக் கண் மங்கி முள் தெரியாமல் போனபோது, அந்தக் கிழமையே அனுமதிப் பத்திரத்தை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, தராசை அண்ணையின் கையில் வைத்தாராம். “மனிசன் எண்டா அப்பிடி இருக்க வேணும்” என்று அண்ணை அடிக்கடி சொல்வார்.

இந்த நேரத்தில்தான் கார்ல்ஸ்ரூஹேயில் வேலை செய்யும் மகள், அப்பாவின் பிறந்தநாளுக்கு ஒரு டிஜிட்டல் தராசு அனுப்பினாள். மூன்று வினாடியில் எண் காட்டும். எங்கள் கட்டடத்தில் ஒரு மகாயுத்தம் தொடங்கியது.

“இது எண்ணைச் சொல்லுது காணும், ஏன் எண்டு சொல்லேல்லை. அந்தக் கிழவன் தராசு ஆடிக் காட்டுறான், யோசிச்சுக் காட்டுறான், பிறகுதான் சொல்லுறான்.”

“மூண்டு வினாடியில சொல்லுதே அண்ணை?”

“பொய்யும் மூண்டு வினாடியில சொல்லலாம்.”

உண்மையில் அந்த டிஜிட்டலும் லேசுப்பட்டதல்ல. பக்கத்து அறைக் குளிர்சாதனப் பெட்டி உறுமத் தொடங்கினால் எண் மாறும். கெல்லர் குளிர்ந்தால் மாறும். சீதனம் பேச வந்த மாப்பிள்ளை வீட்டார் போல, வந்தபோது ஒரு பேச்சு, தேத்தண்ணி குடித்த பிறகு வேறு பேச்சு. சரி, நீதியாகப் பார்ப்போம் என்று அண்ணை ஒரு கொப்பி போட்டார். இருபது மணி நிறையுள்ள ஒரு பித்தளைக் கல்லை இரண்டு தராசிலும் காலையும் மாலையும் நிறுத்து எழுதுவார். ஆறு மாதப் பரீட்சை. மேலேயிருந்து அக்காவின் குரல் வரும்: “இஞ்சாருங்கோ, இடியப்பம் ஆறிப்போச்சு! அதையும் நிறுத்துப்போட்டோ சாப்பிடப் போறியள்?”

ஆறாம் மாதம் கைத்தராசு வெல்லும் நிலைமை. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் போட்டி. சங்கத்துக்காக அண்ணைக்கு முதல்முறை இடம் கிடைத்திருந்தது.

அந்த வியாழக்கிழமை ஆயுத பூசை. எங்கள் வீட்டில் எல்லா ஆயுதமும் சாமிக்கு முன்னால் வரும். மனைவியின் கத்தரிக்கோல், மகனின் மடிக்கணினி, நான் வேலைத்தலத்தில் ஓட்டும் பாரந்தூக்கி வண்டியைக் கிளப்பும் திறப்பு. முதல் வருடம் நான் அண்ணையின் ஆயுதத்துக்கும் அருள் கிடைக்கட்டும் என்று கற்பூரத் தட்டோடு கெல்லருக்கு இறங்கிப் போயிருந்தேன். “எரியிற கற்பூரத்தோட மருந்து அறைக்கு வாறீரோ? சாமி கீழ வரத் தேவையில்லை, நாங்களே மேல போயிடுவம்!” என்று படி முழுக்கத் துரத்தினார். அதோடு பூசைப் பேச்சே எடுப்பதில்லை.

ஆனால் அக்கா எடுத்தார். அண்ணை வேலைக்குப் போன நேரம் பார்த்து, இரண்டு தராசையும் வேட்டியில் சுற்றிக்கொண்டு வந்தார். ஈரம் பிடிக்கும் என்று அவற்றை அண்ணை கெல்லரில் வைப்பதில்லை, மாடியில் உடுப்பு அலுமாரிக்குள்தான் வைப்பார்.

“தம்பி, ஞாயிற்றுக்கிழமை போட்டி. ஒரு பூ வைச்சுத் தாரும். இவருக்குச் சொல்லாதையும்.”

டிஜிட்டல் மின்சாரப் பொருள், ஈரம் ஆகாது. அதற்குப் பூ மட்டும் வைத்து எடுத்தேன். கைத்தராசுக்குப் பூ போதும் என்று விட என் மனம் கேட்கவில்லை. சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, தட்டுக்கு அடியில் ஒரு பொட்டு. நல்ல தடிப்பாக. அண்ணைக்குத் தெரியாமல் இருக்கட்டும், சாமிக்குத் தெரிந்தால் போதும் என்று அடியில் வைத்தேன்.

அன்று மாலை அண்ணை தராசைச் சரி செய்யும்போது, “ஆரோ இடிச்சுப்போட்டினம்” என்று முணுமுணுத்து முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தார். போட்டிக்கான தோட்டாக்கள் முழுவதையும் செய்து முடித்தார்.

வெள்ளிக்கிழமை கெல்லரில் இருந்து டொக், டொக் என்று சத்தம். செய்த தோட்டாவைத் தட்டிப் பிரிக்கிற சுத்தியல் அது. போய்க் கோட்டுக்கு இங்கால் நின்றேன். அண்ணையின் முகம் செத்த வீட்டு முகம்.

“கிழவன் இரவு கல்லுக்கு ஒரு நிறை காட்டுது, விடிய வேற நிறை. திரும்பச் சரி செய்தன், மத்தியானம் வேற நிறை. எல்லாத்தையும் பிரிக்கிறன்.”

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஈரச் சந்தனம் காய்ந்துகொண்டிருக்கிறது. காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டும் இருக்கிறது. தராசு தன் பாரம் குறைவதை மாறி மாறிச் சொல்கிறது.   ஆறு மாதப் பரீட்சையைக் கெடுத்தவன் நான், தோட்டாக்களைப் பாழாக்கியவன், அதுவும் திருட்டுத்தனமாகப் பூசை செய்து. “கறண்டுப் பிரச்சினையா இருக்கும் அண்ணை,” என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். கைத்தராசுக்கு ஏது கறண்டு? அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை அக்கா அழுகைக் குரலில் என் கதவைத் தட்டினார். “தம்பி, உவர் அனுமதிப் பத்திரத்தைத் திருப்பிக் குடுக்கப் போறாராம். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வர டெர்மின் எடுத்திட்டாராம்.”

ஓடினேன். அண்ணை கெல்லரில் கொப்பியை மூடி வைத்துக்கொண்டு இருந்தார்.

“டிஜிட்டல் மூண்டு நாளும் ஒரே எண் சொல்லுது. அப்ப அது சரி. கிழவன் இரும்பும் பித்தளையும், அவன் பிழைக்க மாட்டான். அப்ப மிச்சம் என்ன? பாக்கிற கண். என்ர கண் போயிட்டுது காணும். வில்லி போன வழியிலதான் நானும் போக வேணும். கண் தெரியாதவன் மருந்து நிறுத்தா, பக்கத்தில நிண்டு சுடுறவனுக்கும் ஆபத்து.”

அவர் ஓடிவந்த நாட்டில் அவரிடம் இருந்து பிடுங்கியதெல்லாம் பிடுங்கியாயிற்று. இங்கே அவராகத் தேடிக்கொண்டது இந்த ஒன்றுதான். அதையும் என் சந்தனப் பொட்டு பிடுங்கப் போகிறது.

வெண்கட்டிக் கோட்டை முதல்முறையாகத் தாண்டினேன்.

“அண்ணை, உங்கட கண்ணுக்கு ஒண்டுமில்லை. தட்டைத் திருப்பிப் பாருங்கோ.”

திருப்பினார். பாதி உதிர்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.  அக்காவின் பெயரைச் சொல்லாமல் நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அடிப்பார், ஏசுவார், இனி என் வாசல் மிதிக்க மாட்டார் என்று நின்றேன்.

அவர் ஒரு தாளை விரித்தார். சின்னக் கத்தியால் பொட்டை ஒரு தூள் விடாமல் சுரண்டினார். தட்டைத் துடைத்து, முள்ளைச் சரி செய்து, தூளைக் கைத்தராசில் போட்டார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினேன். பிறகு டிஜிட்டலில் போட்டார். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. ஆறு மாதத்தில் முதல்முறை!

கொப்பியைத் திறந்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். ‘கீழ் வீட்டுத் தம்பியின் பக்தி: பத்தில் ஏழு பங்கு மணி.’

“முதல்ல இன்னும் கூட இருந்திருக்கும் அண்ணை, காய்ஞ்சு போச்சு,” என்றேன்.

அப்போதுதான் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். “நல்ல கண் காணும், நல்ல கண்,” என்றார்.

அன்று முழுவதும் இருந்து திரும்பத் தோட்டா செய்தார். நான் கோட்டுக்கு இங்கால் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போட்டியில் இருபத்திரண்டு பேரில் பத்தொன்பதாவதாக வந்தார். அட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்து ஒரே ஆரவாரம்.

“பாரும்! எல்லா ஓட்டையும் ஒரு நாணயத்துக்குள்ள அடங்குது. மருந்து அச்சொட்டு! குறி மட்டும்தான் ஒரு சாண் தள்ளிப் போச்சு.”

எந்தத் தராசு வென்றது என்று கேட்பீர்கள். இரண்டும்தான். டிஜிட்டலில் நிறுத்து, கைத்தராசில் ஒத்துப் பார்க்கிறார். “ஒருத்தன் கெதியாச் சொல்லட்டும், மற்றவன் ஆறுதலா ஓம் எண்டட்டும்” என்று தீர்ப்பு. பத்திரம் இன்றும் அவரிடம்தான் இருக்கிறது.

அடுத்த வருட ஆயுத பூசையன்று எங்கள் கதவு தட்டப்பட்டது. அண்ணையே நின்றார், கையில் இரண்டு தராசும்.

“பொட்டு வையும். தட்டில இல்லை, அடிக்கட்டையில. சாமிக்கு எங்க வைச்சாலும் தெரியும்தானே?”

வாசகர்களே, இதை யாருக்காவது சொல்வதானால் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். பத்தொன்பதாவது இடத்தை மூன்றாவது ஆக்காதீர்கள். என் பக்தி பத்தில் ஏழு பங்கு மணி என்றால் அதை முழு மணி ஆக்காதீர்கள். மனிதர் மேல்மாடியில்தான் இருக்கிறார், கேள்விப்பட்டால் நிறுத்துப் பார்ப்பார். இன்னும் நெடுங்காலம் அவர் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் நான் தினமும் விளக்கேற்றும்போது பிள்ளையாரிடம் கேட்கிறேன்.