கொக்கு செஞ்ச பெஞ்சு

ஒரு காட்டில், டவர் நல்லா கிடைக்கிற பக்கமாப் பாத்து, வீரணன்னு ஒரு கரடி குடியிருந்துச்சு. அதுக்கு ஒரே பொண்ணு, செண்பகம். பொண்ணு பாக்க வந்த ரெண்டு வரனும் தட்டிப் போச்சு. காரணம் ஒரே கேள்விதான்: "பொண்ணோட தாய்மாமன் எங்க?"

தாய்மாமன் தேன்பெட்டி திருடப் போய் மாட்டிக்கிட்டு, டவுன் ஜூவுல கூண்டுக்குள்ள இருந்தான். இதை எந்த வாயால சொல்றது?

மூணாவது வரன் வெள்ளிக்கிழமை வர்றதாச் சேதி வந்துச்சு. வீரணன் பொண்டாட்டி பேச்சி பிடிச்சா ஒரு பிடி. "என் தம்பி மேலயே பழி போடாதீரு. வீட்டைப் பாரும். வர்றவங்க உக்கார ஒரு நல்ல பெஞ்சு உண்டா? வெட்டிப்போட்ட அடிமரமும் ஓலைப்பாயும்! எவன் பொண்ணு எடுப்பான்?"

வீரணன் நேரா ஏரிக்கரைக்கு ஓடுச்சு. அங்க நீலமேகம், சாருலதான்னு ரெண்டு கொக்கு, புருசனும் பொண்டாட்டியும், பெரிய டிசைனருங்க. ரெண்டும் ஒத்தக்கால்ல நின்னு ஏரியப் பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க. கூப்பிட்டதுக்குத் திரும்பவே கால் மணி நேரம் ஆச்சு.

"வீட்டுக்கு ஒரு பெஞ்சு வேணும் சார்."

"மொதல்ல ஃபார்ம் நிரப்புங்க" என்று சாருலதா பதினாலு பக்கத்தை நீட்டுச்சு.

மொத கேள்வி: 'உட்காரும்போது நீங்கள் என்ன உணர்கிறீர்கள்?'

வீரணன் தலையச் சொறிஞ்சு சொறிஞ்சு யோசிச்சுட்டு, 'உட்கார்ந்திருக்கேன்னு உணர்றேன்'னு எழுதுச்சு. நீலமேகம் அதைப் படிச்சுட்டு, பாவம்னு பாத்துச்சு.

அப்புறம் படம் போட்டாங்க. மொதல்ல நாலு காலு. "ரொம்ப சத்தமா இருக்கு"ன்னு ரெண்டை அழிச்சாங்க. "இன்னும் இரைச்சல்"னு இன்னொண்ணையும் அழிச்சாங்க. படம் எந்த எடத்துல சத்தம் போடுதுன்னு வீரணன் காதை வெச்சுப் பாத்துச்சு.

வியாழக்கிழமை பெஞ்சு வந்துச்சு. நாலு விரல் அகலத்துல ஒரு தேக்குப் பலகை, நடுவுல ஒரே ஒரு காலு. கூடவே வந்த கொக்குங்க அடிமரம், பாய், பேச்சியோட மொறம் எல்லாத்தையும் வெளிய தூக்கிப் போட்டுச்சுங்க. "பெஞ்சு மூச்சு விடணும் சார்."

வீரணன் ஆசையா உக்காந்துச்சு. அடுத்த நொடி மல்லாக்கக் கெடந்துச்சு.

"ஐயா, இதுல எப்படிங்க உக்கார்றது?"

"எங்க வீட்டுல இதே மாதிரி ஒண்ணு அஞ்சு வருசமா இருக்கு, ஒரு கீறல் விழல."

"நீங்க உக்காருவீங்களா?"

"நாங்களா? கொக்கு எங்க சார் உக்காரும்? நாங்க நிப்போம்."

பேச்சி ஒப்பாரி வைக்காத கொறை. புதுசு வாங்க நாளில்ல. விடிஞ்சா வெள்ளி.

மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பன்னெண்டு கரடி வந்து எறங்குச்சுங்க. முன்னால மாப்பிள்ளையோட அம்மா பட்டம்மா. ஒரு வீட்டுக்குள்ள நொழஞ்சா மூணு தலைமுறையத் தோண்டாம எந்திரிக்க மாட்டாங்கன்னு பேரு. அவங்க பெஞ்சைப் பாத்தாங்க. மேல கீழ பாத்தாங்க. "இதுல உக்காரலாமா?"

வீரணன் வாயைத் தொறக்கப் போச்சு. அதுக்குள்ள காபித் தட்டோட வந்த செண்பகம் தலையக் குனிஞ்சுக்கிட்டே சொல்லுச்சு: "தாராளமா உக்காருங்கத்தை, ஏரிக்கரைக் கொக்கு டிசைனருங்க செஞ்சது. ஆனா ரசனை தெரிஞ்சவங்க யாரும் இதுல உக்கார்றதில்ல."

பட்டம்மா பாதி எறக்கின இடுப்பை அப்படியே நிறுத்துனாங்க. "எனக்குத் தெரியாதா? சும்மா கேட்டேன்." தரையில உக்காந்தா பட்டிக்காடும்பாங்களேன்னு பன்னெண்டு பேரும் நின்னாங்க. நின்னுக்கிட்டே பஜ்ஜி, நின்னுக்கிட்டே சொஜ்ஜி. மாப்பிள்ளை ஒருகால் மாத்தி ஒருகால் ஊன, பெரியவர் ஒருத்தர் செவுத்துல முதுகை ஒட்டிக்கிட்டாரு.

அரைமணி ஆச்சு. பட்டம்மா தொண்டையக் கனைச்சாங்க. "ஆமா, பொண்ணோட தாய்மா..."

வீரணன் கண்ண மூடிக்கிச்சு.

"தாய்மா... ஆத்தாடி, கெண்டைக்காலு! பிடிச்சு இழுக்குதே! ஏங்க, பொண்ணு புடிச்சிருக்குல்ல? தட்டை மாத்துங்க, கெளம்பலாம்!"

தட்டு மாறுச்சு. கல்யாணம் முடிவாச்சு. வீரணன் சந்தோசத்துல பெஞ்சைக் கட்டிப் பிடிச்சுக்கிச்சு. அதுக்கும் அது சாஞ்சுச்சு.

காட்டு முக்குத் திரும்பினதும் பட்டம்மா பொத்துன்னு மண்ணுல உக்காந்து காலை நீட்டுனாங்க. புருசன்காரரு காதுல கிசுகிசுத்தாரு: "நல்லவேளடி, நம்ம பையனோட தாய்மாமன் எங்கன்னு அவங்களும் கேக்கல."

"கேட்டா என்ன சொல்றது? என் தம்பி ஜூவுல, கொரங்குக் கூண்டுக்கு அடுத்த கூண்டுல இருக்கான்னா?" பட்டம்மா காலைத் தேச்சுக்கிட்டே யோசிச்சாங்க. "அடுத்த வாரம் பொண்ணு வீட்டுக்காரங்க நம்ம வீடு பாக்க வர்றாங்க. உடனே அந்தக் கொக்குக்குப் போன் போடுங்க. அதே பெஞ்சு நமக்கும் ஒண்ணு."

போனை எடுத்த நீலமேகம் ஒத்தக்கால்ல நின்னுக்கிட்டே சொல்லுச்சு: "சந்தோசம் சார். ஆனா இப்ப புது மாடல். அந்த ஒரு காலையும் எடுத்துட்டோம்."

நீதி: சம்பந்தம் பேச வர்றவங்களுக்குப் பஜ்ஜி குடுங்க, காபி குடுங்க, உக்கார மட்டும் எடம் குடுத்துடாதீங்க.